வீட்டுல இடம் பத்தலையா? வாடகையை ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு அலமாரி செஞ்சு பாருங்க



டெர்ம் இன்சூரன்ஸ் பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தேன்ல, அதுல எனக்குப் பின்னாடி பால்கனி கதவு திறந்திருந்தது. அங்க ஒரு மர அலமாரி, கதவு உள்பக்கம் முழுக்க ஸ்பேனரும் உளியும் தொங்கிட்டு இருந்தது. இன்சூரன்ஸ் பத்தி கேட்டவங்களைவிட "சார், அந்த அலமாரி எங்க வாங்குனீங்க?"ன்னு கேட்டவங்கதான் அதிகம்!

வாங்கல. நானே செஞ்சேன். வலது பக்கக் கதவு கொஞ்சம் கோணல். கேமராவுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

ஒரு ஆடிட்டர் எதுக்கு அலமாரி பத்தி எழுதணும்னு கேக்கலாம். அந்த அலமாரி இல்லைன்னா இன்னைக்கு நான் மாசம் 8,000 ரூபாய் கூடுதலா வாடகை கட்டிட்டு இருப்பேன். அதனாலதான் எழுதுறேன். டூல்ஸ் வாங்குற பழக்கம் உங்களுக்கு இல்லைன்னாலும் படிங்க. உங்க வீட்டுல அது கேமரா லென்ஸா இருக்கலாம், சைக்கிள் சாமானா இருக்கலாம், ஷூவா இருக்கலாம். கணக்கு ஒண்ணுதான்.

அம்மா கேட்ட கேள்வி

எங்க அப்பா தச்சு வேலை செஞ்சவர். தென்காசி பக்கம் எங்க ஊர்ல பல வீட்டுக்கு நிலை, கதவு, ஜன்னல் அவர் கையால செஞ்சதுதான். ஆனா என்னை உளியைத் தொடவே விட்டதில்ல. "நீ படி, இது உனக்கு வேண்டாம்"னுதான் சொல்லுவார். படிச்சேன், சிஏ முடிச்சேன், சென்னைக்கு வந்தேன். மூணு வருஷம் முன்னாடி அப்பா தவறிட்டார். அவரோட டூல்ஸ் ரெண்டு மரப்பெட்டியில இருந்தது. விக்க மனசு வரல. பார்சல் சர்வீஸ்ல போட்டு சென்னைக்குக் கொண்டு வந்து ரெண்டாவது பெட்ரூம்ல வச்சேன்.

அங்கதான் கதை ஆரம்பிச்சது. பெட்டி வந்ததும் எனக்கும் ஆசை வந்துடுச்சு. ராத்திரி உக்காந்து மரவேலை வீடியோ பாக்க ஆரம்பிச்சேன். முதல்ல ஒரு டிரில் மெஷின். அப்புறம் ஜிக் சா. அப்புறம் ஆஃபர்ல கிளாம்ப், ஆஃபர்ல சாண்டர். ரெண்டே வருஷத்துல அந்த ரூம் கதவு பாதிக்கு மேல திறக்காத நிலைமைக்கு வந்துடுச்சு.

போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாச்சு. வைத்தியம் பாக்க சென்னைக்குக் கூட்டிட்டு வந்தேன். "கொஞ்ச நாள் ஹால்ல படுங்கம்மா, ரூமைக் காலி பண்ணிடுறேன்"னு சொன்னேன். ஒரு வாரம் போச்சு, பத்து நாள் போச்சு. நான் லேப்டாப்பும் கையுமா இருந்தேன். ஒரு நாள் ராத்திரி, ஹால்ல பாயை விரிச்சுக்கிட்டே அம்மா கேட்டாங்க:

"எய்யா, அப்பா பெட்டிக்கு ரூம் குடுத்துட்ட. எனக்கு ஹாலா?"

கோபமா கேக்கல. அதனாலதான் ரொம்ப உறுத்துச்சு.

3 பிஹெச்கே கணக்கு

அன்னைக்கே நானும் மனைவியும் உக்காந்து பேசினோம். ரெண்டு பேருக்கும் முதல்ல தோணுன பதில்: "பெரிய வீட்டுக்குப் போயிடலாம்." அதே ஏரியாவுல 3 பிஹெச்கே 27,000 ரூபாய்க்கு இருந்தது. எங்க 2 பிஹெச்கே வாடகை 19,000. எட்டாயிரம்தானே, சமாளிச்சுடலாம்னு தோணுச்சு.

அடுத்த நாள் காலையில பேப்பர்ல எழுதிப் பாத்தேன்:

- கூடுதல் வாடகை: மாசம் 8,000, வருஷத்துக்கு 96,000
- புரோக்கர் கமிஷன் ஒரு மாச வாடகை: 27,000
- வீடு மாத்துற செலவு: 12,000
- முதல் வருஷம் மொத்தம்: 1,35,000

இது போக அட்வான்ஸ். அந்த ஓனர் ஆறு மாச வாடகை கேட்டார். இப்ப இருக்குற வீட்டுக்கும் ஆறு மாசம்தான் குடுத்திருக்கேன். வித்தியாசம் 48,000. அது திரும்பி வரும்தான், ஆனா வட்டி இல்லாம முடங்கிக் கிடக்கும்.

இன்னொரு கணக்கும் போட்டேன். எங்க வீடு 850 சதுர அடி. 19,000 வாடகைன்னா சதுர அடிக்கு மாசம் சுமார் 22 ரூபாய் 35 காசு. டூல்ஸ் கிடக்குற ரூம் பத்துக்குப் பத்து, அதாவது 100 சதுர அடி. அப்ப அந்த டூல்ஸ் குடியிருக்க நான் கட்டுற வாடகை மாசம் 2,235 ரூபாய். வருஷத்துக்கு 26,800-க்கு மேல. நான் வாங்குன டூல்ஸோட மொத்த விலையே 58,400 ரூபாய்தான். ரெண்டு வருஷம் சும்மா வச்சிருந்தா வாங்குன விலையில பெரும்பகுதியை வாடகையாவே குடுத்திருக்கேன்!

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். இந்த சதுர அடி கணக்கு ஒரு பேச்சுக்குத்தான். நீங்க நூறு சதுர அடியைக் காலி பண்ணிட்டேன்னு சொன்னா ஹவுஸ் ஓனர் வாடகையைக் குறைக்க மாட்டார். காலியான இடம் உங்களுக்கு ஏதாவது வேலைக்கு ஆகணும். ஒரு ஆள் தங்கணும், இல்லைன்னா பெரிய வீட்டுக்குப் போற செலவு தள்ளிப் போகணும். அப்பதான் அது பணம். எனக்கு ரெண்டும் நடந்தது.

என்கிட்ட ஆலோசனை கேக்க வர்றவங்ககிட்ட நான் அடிக்கடி சொல்றது: மாசாமாசம் போகப் போற செலவுக்கு சரின்னு சொல்றதுக்கு முன்னாடி, அதே பிரச்சினையை ஒரு தடவை செலவுல தீர்க்க முடியுமான்னு பாருங்க. ஊருக்குச் சொன்னதை நான் அப்பதான் எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

முதல்ல ஸ்டாக் எடுத்தேன்

இந்த இடத்துலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. இடம் பத்தலைன்னதும் நேரா ஒரு பெரிய ரேக் ஆர்டர் பண்ணிடுவாங்க. வேண்டாத பொருளுக்கும் சேத்து வீடு கட்டிக் குடுக்குற வேலை அது.

ஆர்ட்டிக்கிள்ஷிப்ல இருந்தப்ப மார்ச் 31 அன்னைக்கு குடோன் குடோனா போய் ஸ்டாக் எண்ணியிருக்கேன். மூக்குல துணி கட்டிக்கிட்டு நட்டு, போல்ட் எல்லாம் எண்ணுவோம். அதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத்தையும் தரையில பரப்பி எண்ணினேன். மொத்தம் 143 உருப்படி. அப்பாவோடது 61, நான் வாங்குனது 82. விலைக்கு ஆன்லைன் ஆர்டர் ஹிஸ்டரியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் போதும்.

நான் வாங்குன 58,400 ரூபாய் டூல்ஸ்ல, போன 12 மாசத்துல ஒரு தடவையாவது தொட்டது 21,700 ரூபாய்க்குத்தான். மீதி 36,700 ரூபாய் சும்மா கிடக்குது. அதுல சில டப்பா பிரிக்கவே இல்ல.

இன்னும் அசிங்கம் என்னன்னா, ஒரே பொருள் ரெண்டு மூணு தடவை வாங்கியிருக்கேன். அளக்குற டேப் நாலு. ஆலன் கீ செட் மூணு. மர ஒட்டுப் பசை அஞ்சு டப்பா, அதுல மூணு காஞ்சு போச்சு. இப்படி ரெட்டிப்பா வாங்குனது மட்டும் 3,900 ரூபாய். ஏன் வாங்கினேன்? வீட்டுல இருக்குதுன்னு தெரியும், எங்க இருக்குன்னு தெரியல. தேடுறதைவிட ஆர்டர் பண்றது சுலபமா இருந்துச்சு.

மூணு குவியலா பிரிச்சேன். ஒரு வருஷத்துக்குள்ள தொட்டது, எப்பவோ தொட்டது, தொடவே தொடாதது. மூணாவது குவியல்ல நல்ல நிலைமையில இருந்ததை செகண்ட் ஹேண்டா வித்ததுல 11,500 ரூபாய் வந்தது. பாதி விலைக்கும் கீழதான். வலிச்சது. அந்த வலி நல்லது, அடுத்த தடவை "ஆஃபர்"னு பாக்குறப்ப ஞாபகம் வரும்.

அப்பாவோட 61-ல தான் தடுமாறினேன். அதுக்கு என்ன விலை போடுறது? இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், விதவிதமான உளி. பாதி எனக்குப் பிடிக்கவே தெரியாது. எல்லாத்தையும் வச்சுக்கலாம்னு நினைச்சேன். அம்மா பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா துடைச்சுக்கிட்டே சொன்னாங்க, "உனக்கு ஓட்டத் தெரிஞ்சதை வச்சுக்க. மீதியை ஊர்ல அப்பாட்ட வேலை பழகுன அண்ணனுக்குக் குடுத்துரு. இங்கன கிடந்து துரு ஏறி என்ன செய்ய?"

19 நான் வச்சுக்கிட்டேன். 42 ஊருக்குப் போச்சு. அந்த அண்ணன் போன் பண்ணினப்ப ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "முதலாளி இழைப்புளி இன்னும் நல்லா ஓடுது தம்பி"ன்னார்.

இடத்தை அடைக்காத அலமாரி

எண்ணி முடிச்சப்ப கையில இருந்தது 70 உருப்படிக்கும் கம்மி. இதுக்கு ரூம் வேண்டாம், ஒரு சுவர் போதும். எங்க வீட்டு பால்கனி 7 அடிக்கு 4 அடி. ஒரு ஓரம் வாஷிங் மெஷின், எதிர் சுவர் காலி. அதுதான் இனிமே என் பட்டறை.

டிசைன் ரொம்ப சிம்பிள். 3 அடி அகலம், 4 அடி உயரம், உடம்பு 7 அங்குல ஆழம். விஷயமே கதவுலதான் இருக்கு. கதவு ரெண்டும் வெறும் பலகை இல்ல. 3 அங்குல ஆழமுள்ள தட்டு மாதிரி சட்டம் அடிச்சது. அதனால கதவோட உள்பக்கமும் டூல்ஸ் தொங்கும். மூடினா மொத்த ஆழம் சுமார் 11 அங்குலம். திறந்தா பின்பலகை 12 சதுர அடி, ரெண்டு கதவும் சேத்து இன்னொரு 12 சதுர அடி. மூணு சதுர அடிக்கும் குறைவான தரையில 24 சதுர அடி தொங்கவிடுற இடம் கிடைக்குது. அடியில ஒரு மடக்குப் பலகை. வேலை செய்யுறப்ப தூக்கி நிறுத்தினா டேபிள், முடிஞ்சதும் கீழ தொங்கும்.

வாடகை வீட்டுல இருக்குறவங்க ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, ஓனர்கிட்ட கேட்டுட்டு துளை போடுங்க, வாட்ஸ்அப்லயாவது "சரி"ன்னு எழுத்துல வாங்கிக்குங்க. காலி பண்றப்ப அட்வான்ஸ்ல கழிக்கிற சண்டை இதுலதான் வரும். ரெண்டு, முழு பாரத்தையும் சுவர்ல தொங்கவிடாதீங்க. பிளைவுட்டே கனம், அதோட இரும்பு சேருது. புதுசா கட்டுன அபார்ட்மென்ட்ல சுவர் லேசான பிளாக்ல இருந்தா சாதாரண ஸ்க்ரூ பிடிக்காது. நான் அடியில ரெண்டு கால் வச்சு பாரத்தைத் தரைக்கு இறக்கிட்டேன். சுவர்ல நாலு ஸ்க்ரூ மட்டும், அது முன்னாடி கவிழாம பிடிச்சுக்க. நாளைக்கு வீடு மாத்தினா கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம்.

பிளைவுட்ல கஞ்சத்தனம் பாக்காதீங்க. ஐஎஸ் 303 முத்திரை போட்டது பொது உபயோகத்துக்கு. ஐஎஸ் 710 மெரைன் வகை, தண்ணி ஈரம் தாங்கும். பால்கனியில சாரல் அடிக்கும், வாஷிங் மெஷின் ஈரமும் இருக்கும், அதனால நான் 710 எடுத்தேன். ரூமுக்குள்ள வைக்கிறதா இருந்தா 303 போதும், காசு மிச்சம்.

பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி அளவுல வரும். பக்கப் பலகை, மேல் கீழ், ரெண்டு தட்டு, கதவுச் சட்டம், கால், மடக்குப் பலகை எல்லாமே ஒரே ஒரு 18 எம்எம் ஷீட்ல முடிஞ்சது. பின்பலகையும் கதவு முகமும் ஒரு 12 எம்எம் ஷீட்ல. கடைக்குப் போறதுக்கு முன்னாடி கட்டம் போட்ட நோட்டுல ஷீட்டை வரைஞ்சு, எந்தத் துண்டு எங்க வருதுன்னு குறிச்சுக்குங்க. அப்படிச் செஞ்சா ரெண்டு ஷீட்டோட நிக்கும், இல்லைன்னா மூணாவது ஷீட் வாங்க வேண்டி வரும்.

வெட்டுறதுக்குன்னு மெஷின் வாங்காதீங்க! டூல்ஸை அடுக்குறதுக்கு அலமாரி, அலமாரி செய்ய இன்னொரு டூல்னு போனா இந்தக் கதை முடியவே முடியாது. நிறைய பிளைவுட் கடையிலயே அளவு குடுத்தா வெட்டிக் குடுப்பாங்க. எனக்கு 400 ரூபாய் ஆச்சு.

இப்ப என் தப்பைச் சொல்றேன். உள்தட்டு ரெண்டையும் சரியா 3 அடிக்கு வெட்டச் சொல்லிட்டேன். அது ரெண்டு பக்கப் பலகைக்கு நடுவுல உக்காரணும். பலகை தடிமன் 18 எம்எம், ரெண்டு பக்கம் 36 எம்எம். அதைக் கழிக்கவே இல்ல. வருஷம் முழுக்க அடுத்தவங்க வருமானத்துல எதைக் கழிக்கலாம்னு பாக்குறவன், சொந்த அலமாரியில கழிக்க மறந்துட்டேன்! திரும்பக் கடைக்குத் தூக்கிட்டுப் போய் வெட்டினேன். அம்மா சிரிச்சாங்க. "உங்கப்பா ரம்பம் தின்னுற ஒரு நூலுக்கும் கணக்கு வைப்பாரு"ன்னாங்க. ஒரு நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு, சுமார் 3 எம்எம். கடைக்காரர்கிட்ட கேட்டேன். அவர் பிளேடு தின்னுறதும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

நானே செஞ்சதுல எவ்வளவு மிச்சம்?

செலவுக் கணக்கு இதோ:

- 18 எம்எம் ஷீட்: 3,840
- 12 எம்எம் ஷீட்: 2,720
- கீல், தாழ்ப்பாள், மடக்கு பிராக்கெட்: 620
- ஸ்க்ரூ, பசை: 480
- வெட்டுக்கூலி: 400
- டெம்போ: 350
- சீலர், வார்னிஷ்: 640
- மொத்தம்: 9,050

இதே அலமாரிக்கு ஒரு தச்சரைக் கேட்டேன். பொருள் செலவு போக ரெண்டு நாள் கூலி 2,800 சொன்னார். அப்ப நானே செஞ்சதுல மிச்சம் 2,800. தப்பா வெட்டுனதுக்கு ஆட்டோ, உடைச்ச டிரில் பிட்டு எல்லாம் கழிச்சா சுமார் 2,300. எனக்கு ஆன நேரம் மூணு ஞாயிறு, மொத்தம் 26 மணி நேரம்.

"நாமே செஞ்சா பாதிக்குப் பாதி மிச்சம்"னு வீடியோல சொல்றாங்களே, அதை நம்பாதீங்க. சின்ன அளவுல ஒரே ஒரு பொருள் செய்யுறப்ப பிளைவுட் விலைதான் பெருசு. கூலி மட்டும்தான் மிச்சம்.

இதுக்கு நேர் எதிர் பக்கம் இருந்தும் ஒரு வாதம் வரும். "மாசம் 60,000 சம்பளம்னா மணிக்கு 340 ரூபாய் ஆகுது. 26 மணி நேரம்னா 8,840 ரூபாய். 2,300 மிச்சம் பண்ண 8,840 ரூபாய் நேரத்தை விட்டுட்டியே!" ஆபீஸ்ல இப்படிப் பேசுறவங்க ஜாஸ்தி. இதுவும் தப்புதான். உங்க கம்பெனி உங்க ஞாயிற்றுக்கிழமையை விலைக்கு வாங்கல. அன்னைக்கு நீங்க படுத்துக்கிட்டு ரீல்ஸ் பாத்தா யாரும் மணிக்கு 340 ரூபாய் குடுக்கப் போறதில்ல. ஃப்ரீலான்ஸ் வேலை கையில இருந்து, அதை விட்டுட்டு செஞ்சா மட்டும்தான் அந்தக் கணக்கு செல்லும்.

அதனால என் கருத்து இது: செய்யப் பிடிச்சா நீங்களே செய்யுங்க, பிடிக்கலைன்னா தச்சரைக் கூப்பிட்டு அவருக்குரிய கூலியைக் குடுங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற 2,300 ரூபாய் முக்கியமே இல்ல. நமக்கு முக்கியம் அந்த 96,000.

நிறைஞ்சா நிறைஞ்சதுதான்

அலமாரி செஞ்சு ஆறு மாசம் ஆச்சு. இதுல எனக்குக் கிடைச்ச பெரிய லாபம் நான் எதிர்பாக்காத ஒண்ணு.

ஒவ்வொரு டூலுக்கும் ஆணி அடிச்சு, அதைச் சுத்தி மார்க்கர்ல கோடு போட்டு வச்சிருக்கேன். எது இல்லைன்னாலும் பாத்த உடனே தெரியும். இப்ப காலி இடம் நாலுதான் இருக்கு. ஏதாவது புதுசா வாங்கணும்னு தோணுனா பால்கனிக்குப் போய் நின்னு பாப்பேன். எங்க மாட்டுறது? எதைக் கழட்டுறது? பெரும்பாலும் அங்கயே ஆசை தணிஞ்சுடும். முன்னாடி ரெண்டு வருஷம் சராசரியா மாசம் 2,400 ரூபாய்க்கு மேல டூல்ஸ் வாங்கிட்டு இருந்தவன், இந்த ஆறு மாசத்துல வாங்குனது மொத்தமே 1,150 ரூபாய்க்கு.

பட்ஜெட் ஆப் எனக்கு இதைச் செய்யல. ஆப்புல "ஹாபி 2,000"னு போட்டா, தாண்டுனதும் ஒரு சிவப்புக் கோடு வரும், தள்ளிவிட்டுட்டுப் போயிடுவேன். பலகையைத் தள்ளிவிட முடியாது. இடம் இல்லைன்னா இல்ல. அதனால அலமாரியை உங்ககிட்ட இருக்குற பொருளைவிடக் கொஞ்சம் சின்னதா செய்யுங்க. "நாளைக்கு வாங்குறதுக்கும் சேத்து" பெருசா செஞ்சா, நாளைக்குக் கண்டிப்பா வாங்குவீங்க.

"ஹாபிக்கும் இவ்வளவு கணக்கா? சம்பாதிக்கிறதே அனுபவிக்கத்தானே?"ன்னு கேப்பீங்க. அனுபவிங்க, நானும் அனுபவிக்கிறேன். ஆனா ஒரு வார்த்தையை மட்டும் விட்டுடுங்க: "இது இன்வெஸ்ட்மென்ட்." டூல்ஸ் இன்வெஸ்ட்மென்ட் இல்ல. அதை வச்சுப் பிழைக்கிறவருக்கு அது தொழில் சொத்து, வருஷா வருஷம் தேய்மானமும் எழுதிக்கலாம். சம்பளக்காரங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்டாண்டர்ட் டிடக்ஷனுக்கு மேல டிரில் மெஷின் பில்லை எங்கயும் காட்ட முடியாது. நமக்கு அது சந்தோஷத்துக்கு செய்யுற செலவு. அப்படியே பேர் வச்சு, கையில இருக்குற காசுல வாங்குங்க.

"நோ காஸ்ட் இஎம்ஐ"ல வாங்காதீங்க. வட்டியை டிஸ்கவுண்ட்டா கழிச்சுக் காட்டுவாங்க, ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க கார்டு பில்லுல வரும், பல கார்டுல பிராசஸிங் ஃபீஸும் சேரும். தொகை சின்னதுதான். அதைவிட, "மாசம் ஆயிரத்து சொச்சம்தானே"ன்னு தோண வைக்குது பாருங்க, அதுதான் ஆபத்து. என் தொடாத குவியல்ல பெரிய டப்பா எல்லாமே இஎம்ஐல வந்ததுதான்.

இந்த ஞாயிறு நீங்க செய்ய வேண்டியது

1. ஒரே வகைப் பொருள் எல்லாத்தையும் தரையில பரப்பி எண்ணுங்க. வாங்குன விலையை எழுதுங்க.
2. ஒரு வருஷமா தொடாததைத் தனியா எடுத்து விக்குறதோ குடுக்குறதோ செய்யுங்க. அலமாரி பத்தி அதுக்கு அப்புறம் யோசிங்க.
3. மீதி இருக்குறதைத் தரையில அடுக்கி வச்சு நீள அகலம் அளந்து, அதுக்கு ஏத்த அலமாரி வரைங்க. ஆழத்தைக் கூட்டாதீங்க; பின்னாடி போய் ஒளிஞ்ச பொருளைத்தான் ரெண்டாவது தடவை வாங்குவீங்க.
4. கூர்மையானது எல்லாம் குழந்தைங்க கைக்கு எட்டாத உயரத்துல இருக்கட்டும். பூட்டு போடுற மாதிரி தாழ்ப்பாள் வைங்க.
5. இரும்பு டூல்ஸ்ல தையல் மெஷின் ஆயில் ஒரு கை தடவி வைங்க. கடல் காத்து அடிக்கிற ஊர்ல இது ரொம்ப முக்கியம். கார்ட்லெஸ் டிரில் பேட்டரியை மட்டும் வெயில் படுற பால்கனியில வைக்காதீங்க, வீட்டுக்குள்ள இருக்கட்டும்.

அம்மா இப்ப ரெண்டாவது பெட்ரூம்லதான் இருக்காங்க. அப்பாவோட பெட்டி ஒண்ணு ஊருக்குப் போச்சு. இன்னொண்ணு அம்மா கட்டில் பக்கத்துல இருக்கு. மாத்திரை, தண்ணி செம்பு, கண்ணாடி எல்லாம் அதுமேலதான். உள்ள என்ன வச்சிருக்காங்கன்னு நான் கேக்கல.

வெட்டு அளவு போட்ட பேப்பரை அடுத்த வீடியோல முழுசா காட்டுறேன். 36 எம்எம் கழிச்ச அளவுதான், பயப்படாதீங்க. அதுவரைக்கும் நீங்க எண்ணிப் பாத்து எத்தனை அளக்குற டேப் கிடைச்சதுன்னு எனக்கு எழுதுங்க. நாலுக்கு மேல இருந்தா என்னை ஜெயிச்சுட்டீங்க!